காத்து பார்க்கிறவர்

மருதையனுக்கு அவருடைய அப்பா அய்யாக்கண்ணு விட்டுப்போன சொத்து ஒன்றே ஒன்றுதான். பேய் என்று ஒன்று கிடையாது என்கிற எண்ணம். நிலமாகவோ நகையாகவோ விட்டிருந்தால் இந்நேரம் விற்றுத் தின்றிருக்கலாம், எண்ணத்தை என்ன செய்வது? அய்யாக்கண்ணு கருப்புச் சட்டைக்காரர். ஊர் ஊராகப் போய், சுடுகாட்டில் அடுப்பு மூட்டி, சோறு பொங்கி, கருவாட்டுக் குழம்போடு சாப்பிட்டு ஏப்பமும் விட்டுக் காட்டியவர். "எங்கடா பேயி? கூப்புடு, அதுக்கும் ஒரு இலை போடுறேன்" என்பார். அப்படிப்பட்டவர் பெற்ற பிள்ளைக்குப் பேயோட்டி என்று பெயர் வந்துவிட்டது. தலையில் எழுதின எழுத்து என்று சொல்ல மருதையனுக்கு வாய் வராது. அதனால் போர்டில் எழுதின எழுத்து என்று வைத்துக்கொள்ளலாம்.

சிங்கப்பூரில் அவர் பார்த்த வேலையைச் சொன்னால் இங்கே யாருக்கும் விளங்காது. பெரிய பெரிய கட்டிடங்களில் ஏசிக் காற்று போகிற தகரக் குழாய்க்குள் படுத்துத் தவழ்ந்துபோய்த் துடைக்கிற வேலை. பிறகு அந்தக் கம்பெனியே அவர் கையில் ஒரு கருவியைக் கொடுத்து, அறை அறையாகப் போய்க் காற்றில் தூசு எவ்வளவு, புகை எவ்வளவு, மனிதர் விட்ட மூச்சு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னது. அங்கே ஆபீசில் நாலு பேர் சேர்ந்தாற்போலத் தும்மினால் போதும், மருதையனைக் கூப்பிட்டுவிடுவார்கள். இங்கே நாலு பேர் சேர்ந்து தும்மினால் நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று பட்டிமன்றம் வைப்போம்.

தவழ்ந்து தவழ்ந்து முட்டி தேய்ந்ததும் ஊர் திரும்பினார். கூடவே ஒரு கருவியையும் வாங்கி வந்தார். செங்கல் அளவு இருக்கும். காற்று கெட்டிருந்தால் கீச்கீச்சென்று கத்தும்.

"சிங்கப்பூர் வரைக்கும் போயி இதத்தான் கத்துக்கிட்டு வந்தீங்களா?" என்றாள் மனைவி கலைமகள். "அவனவன் தங்கம் கொண்டாரான். நீங்க கத்துற டப்பாவக் கொண்டாந்திருக்கீங்க."

"இந்த ஊர்ல இத மாதிரி யாருகிட்டயும் இல்ல கலை."

"அதான் ஏன் இல்லன்னு யோசிங்க."

அவர் யோசிக்கவில்லை. தாராசுரம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மீரா உசேனின் பஞ்சர் கடையை ஒட்டினாற்போல ஒற்றைக் கதவுக் கடை ஒன்று காலியாக இருந்தது. அதைப் பிடித்துவிட்டார். போர்டு எழுத வந்தவன் குணசேகரன். மருதையன் தாளில் எழுதிக் கொடுத்தது, 'உட்புறக் காற்றின் தரப் பரிசோதனை நிலையம்'. குணசேகரன் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தான்.

"அண்ணே, உட்புறக் காத்துன்னா வயித்துக்குள்ள இருக்குறதா?"

"வீட்டுக்குள்ள இருக்குறதுடா."

"ஜனங்க வயிறுன்னுதான் நெனைப்பாங்க. வாயுத் தொல்லைக்கு மருந்து கேட்டு வருவாங்க. என்கிட்ட விடுங்க, நான் புரியிற மாதிரி எழுதுறேன்."

புரியிற மாதிரிதான் எழுதினான். 'இங்கு காத்து பார்க்கப்படும். வீடு, கடை, ஆலை. நேரில் வந்தும் பார்க்கப்படும்.' கைபேசி எண்ணையும் போட்ட பிறகு ஓரத்தில் இடம் மிஞ்சியதால், காற்று வீசுவதுபோலப் படம் போடுகிறேன் என்று வளைவு வளைவாக நாலைந்து கருப்புக் கோடு இழுத்தான். பேருந்திலிருந்து பார்த்தால் தலைவிரி கோலமாக ஒரு பெண்பிள்ளை நிற்பதுபோல இருந்தது. குணசேகரனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. காற்றை யார் பார்த்திருக்கிறார்கள், சரியாக வரைவதற்கு?

நம் பக்கத்தில் காத்து என்றால் மூன்று பொருள் உண்டு. சக்கரத்தில் அடிப்பது, வயிற்றில் சேர்வது, மனிதர் மேல் ஏறுவது. மூக்கில் போய் வருவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அது சும்மா கிடைக்கிறது அல்லவா?

முதலில் வந்தவர்கள் எல்லாம் சக்கரத்துக்காரர்கள். வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு, "பின்னாடி கொஞ்சம் கம்மியா இருக்கு, பாத்துருங்க" என்பார்கள். மருதையன் பக்கத்துக் கடையைக் கை காட்டுவார். மீரா உசேனுக்கு இதில் ஏகச் சந்தோஷம். "நீங்க கடை தொறந்ததிலேருந்து எனக்கு வியாபாரம் ரெட்டிப்பாயிருச்சு மருதையண்ணே. நல்லா இருக்கணும் நீங்க" என்று தினமும் டீ வாங்கிக் கொடுத்தான்.

உண்மையான வேலையும் ஒன்றிரண்டு வராமல் இல்லை. கும்பகோணம் போகிற வழியில் ஓர் அரிசி ஆலை முதலாளி, வேலையாட்கள் இருமிக்கொண்டே இருக்கிறார்கள் என்று கூப்பிட்டார். மருதையன் போனார். ஆலை கோயில் பிராகாரம் மாதிரிக் கழுவி விடப்பட்டுப் பளபளவென்று இருந்தது. இயந்திரம் ஒன்றும் ஓடவில்லை. வேலையாட்களுக்கு லீவு விட்டிருந்தார்கள்.

"ஓட விட்டாத்தானேங்க தூசு தெரியும்?"

"அய்யய்யோ, நீங்க வர்ற நேரத்துல தூசா? நாங்க மரியாதை தெரிஞ்சவங்க."

வீடுகளில் இதைவிட மோசம். காத்து பார்க்க ஆள் வருகிறார் என்றால், பெண் பார்க்க வருவதுபோலத்தான். பினாயில் ஊற்றித் துடைத்து, மூலைக்கு ஒரு ஊதுபத்தி கொளுத்தி, சாம்பிராணி போட்டு, வீடே கமகமவென்று மணக்கும். கருவியை வெளியில் எடுத்த உடனேயே கத்தும். வீட்டுக்காரிக்கு முகம் சுண்டிவிடும். "நாத்தமடிக்கிற வீட்டுலயெல்லாம் சும்மா இருக்குதாம், எங்க வீட்டுல கத்துதாம். என்னாங்க மிஷின் இது?" என்பாள். ஒரு புண்ணியவதி கருவிக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரமும் காட்டிவிட்டாள். அன்றைக்கு அது கத்தின கத்தலில் பக்கத்து வீட்டு நாய் ஓடிப்போயிற்று.

பிறகுதான் மூன்றாவது ரகத்துக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். சாயங்காலமாக, முக்காடு போட்டுக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு உள்ளே வந்து, "புள்ள தூக்கத்துல சிரிக்குதுங்க" என்பார்கள். "மாடு தொழுவத்துல நொழைய மாட்டேங்குது" என்பார்கள். பேராவூரணியிலிருந்து ஒருவர், தென்னந்தோப்பில் யாரோ விசிலடிக்கிறார்கள், வந்து பாருங்கள் என்று வேன் வைத்துக்கொண்டே வந்துவிட்டார். மருதையன் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "பேய் கெடையாது. நான் பேயோட்டி இல்ல. போயிட்டு வாங்க." அதைக் கேட்டவர்கள் வெளியே போய், "பெரிய ஆளு. லேசுல ஒத்துக்க மாட்டேங்குறாரு" என்று பேசிக்கொண்டார்கள்.

அந்த வருஷம் தை மாதம், சம்பா அறுவடை மும்முரத்தில், ஒரு நாள் காலை கைபேசி அடித்தது. பெண் குரல். "சாமிங்களா? நான் ரெங்கம்மா பேசுறேன். அரசலாத்துக் கரையிலேருந்து. எங்க மருமவப் பொண்ணுக்குக் காத்து சேட்டை..."

"நான் அந்த ஆளு இல்லம்மா. வையிங்க."

"வெச்சுராதீங்க சாமி! அவளே பேசணும்ங்குறா. ஊருக்கு வழி சொல்லணுமாம். இந்தா, பேசு."

குரல் மாறியது. இளம் குரல், நிதானமான குரல்.

"அண்ணே, வணக்கம். என் பேரு வானதி. என்னான்னு சொல்லிடுறேன், கேட்டுக்கங்க. ராத்திரி ரூமெல்லாம் நல்லா மூடியிருக்கு. ஜன்னலுக்கு ஆணி அடிச்சிருக்கு. கட்டிலுக்குக் கீழ சட்டியில கொட்டாங்கச்சிக் கரி நெருப்பு, சாம்பிராணி போட்டு விடிய விடிய இருக்கு. காலையில தலை பொளக்குது. வாந்தி வருது. எழுந்தா கால் நிக்க மாட்டேங்குது. மத்தியானம் வெளியில வந்து உக்காந்தா சரியாயிடுது. மறுபடி ராத்திரி. அமாவாசைக்கு முன்னாடி வந்துருங்கண்ணே."

பக்கத்தில் நின்ற ரெங்கம்மாளுக்கு, மருமகள் தன் மேல் ஏறிய பேயின் லட்சணங்களை ஒன்று விடாமல் சொல்கிறாள் என்று தோன்றியது. மருதையனுக்கு அதே சொற்கள் வேறு மாதிரிக் காதில் விழுந்தன. மூடின அறையில் கரி நெருப்பு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். சிங்கப்பூரில் பக்கத்து விடுதியில் குளிருக்காக அல்ல, மீன் சுடுவதற்காக அப்படி அடுப்பு வைத்துவிட்டுத் தூங்கின இரண்டு பேரைத் துணி போர்த்தித் தூக்கிக்கொண்டு போனதை அவர் பார்த்திருந்தார்.

"இன்னிக்கே வர்றேன்மா" என்று ஹெல்மெட்டை எடுத்தார்.

மீரா உசேன் எட்டிப் பார்த்து, "எங்கண்ணே, பேய் ஓட்டவா?" என்றான்.

"வாய மூடுறா."

ரெங்கம்மாள் வீடு புது வீடு. மகன் ராம்கி வளைகுடா நாட்டிலிருந்து அனுப்பிக் கட்டினது. வாசலில் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவள் புருஷன் வீரையன் அவற்றின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கல்யாணம் முடிந்த கையோடு ராம்கி திரும்பிப் போய்விட்டான். புது அறையில், புதுப் பெயிண்ட் வாடையில், புது பீரோவின் பசை வாடையில் தனியாகப் படுத்த வானதிக்கு முதலில் லேசாகத் தலை வலித்தது. அவ்வளவுதான் ஆரம்பம். தலைவலி என்று சொன்னாள். ரெங்கம்மாள் நெட்டி முறித்து, உப்பு மிளகாய் சுற்றிப் போட்டு, சாம்பிராணி போட்டாள். வலி கூடிற்று. இன்னும் கொஞ்சம் போட்டாள். இன்னும் கூடிற்று. "பொகை வேணாம் அத்தை, மூச்சு முட்டுது" என்றாள் வானதி. பேய்க்குத்தானே சாம்பிராணி ஆகாது? ரெங்கம்மாளுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. வானதி எழுந்து ஜன்னலைத் திறந்தாள். உள்ளே இருப்பது வெளியில் இருக்கிறதைக் கூப்பிடுகிறது என்று அதற்கும் அர்த்தம் கண்டுபிடித்து, வீரையனை விட்டுப் பலகை வைத்து ஆணி அடிக்கச் சொன்னாள். வானதி, நான் கெமிஸ்ட்ரி படித்தவள் அத்தை, இது கரிப்புகை செய்கிற வேலை என்றாள். "பாத்தீங்களா, இங்கிலீசு பேசுது" என்றாள் ரெங்கம்மாள்.

இத்தனைக்கும் ரெங்கம்மாள் கெட்டவள் இல்லை. மருமகளுக்குக் காவலாக அறை வாசலிலேயே பாய் போட்டுப் படுத்தாள். தை மாதத்துப் பனியில் கூடத்துச் சிமெண்டுத் தரை எப்படிச் சில்லிடும் என்று படுத்தவர்களுக்குத் தெரியும். கதவிடுக்கில் புகை கசியாதபடி பழைய புடவையைச் சுருட்டி அடைத்தாள், உள்ளே விரட்டினது வெளியில் வந்து வேறு யாரையும் பிடிக்கக்கூடாது என்று. அன்பு என்றால் அப்படி ஓர் அன்பு. இன்னும் கொஞ்சம் அன்பு கூடியிருந்தால் வானதி ஒரு நாள் காலை எழுந்திருக்க மாட்டாள்.

தை அமாவாசைக்கு வேன் பேசியாகிவிட்டது. ஒரு முனீஸ்வரன் கோயில். அங்கே கொண்டுபோய், பேய் இறங்குகிறவரை தங்க விட்டுவிடுவார்கள். அடங்காதவர்களைத் தூணில் கட்டியும் வைப்பார்கள். ஒரு தடவை அங்கே கட்டினவளுக்கு, அவிழ்த்த பிறகும் பெயர் அவிழாது. ராம்கிக்கு வேறு பெண் பார்க்கலாமா என்று அக்கம்பக்கத்தில் இப்போதே முணுமுணுப்பு இருந்தது.

மருதையன் அறைக்குள் நுழைந்ததும் பையிலிருந்து கருவியை எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், கீச்கீச்கீச் என்று வீடே அதிர அது கத்த ஆரம்பித்தது. காலையில் அணைந்த சட்டி. அப்படியும் அப்படிக் கத்திற்று.

ரெங்கம்மாள் மார்பில் கை வைத்துக்கொண்டாள். "அம்மாடி! நான் சொன்னேன்ல? சொன்னேனா இல்லையா? மிஷினே பயந்து கத்துது!"

"அம்மா, இது பேய் இல்ல. ஒரு விஷக் காத்து."

"அதத்தான சாமி நானும் சொல்றேன்."

"சாமின்னு கூப்புடாதீங்கம்மா."

"சரி சாமி."

மருதையன் பொறுமையைத் திரட்டிக்கொண்டார். "இது கரியிலேருந்து வருது. கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாது."

"வாசனை கெடையாது."

"கெடையாதே."

"மூடுன வீட்டுல தூங்குறவங்களத்தான் புடிக்கும். புடிச்சா ரத்தத்துல கலந்துடும். மயக்கம் வரும், கை கால் விழுந்துடும், விட்டா உயிரையே வாங்கிடும்."

"எங்க பாட்டி காலத்துலேருந்து இதத்தானேப்பா சொல்லிக்கிட்டு இருக்கோம்!" என்று ரெங்கம்மாள் வாசல் பக்கம் திரும்பிப் புருஷனைக் கூப்பிட்டாள். "கேட்டுக்கங்க. படிச்சவரு, பாசை பாசையா தெரிஞ்சவரு, அவரே சொல்லிட்டாரு."

அய்யாக்கண்ணு பெற்ற பிள்ளைக்கு இதற்கு மேல் தாங்கவில்லை. "பேயி கெடையாதும்மா! நீங்க வெக்கிற சட்டிதான் இந்தப் பொண்ணக் கொல்லுது. நீங்கதான் கொல்றீங்க!" என்று சொல்லிவிட்டார்.

உண்மைதான். ஆனால் உண்மை அந்த அறையில் விழுந்த விதம் சரியில்லை. ரெங்கம்மாளின் முகம் அப்படியே மாறிற்று. கண்ணில் நீர் வந்தது, நீருக்குப் பின்னாலேயே நெருப்பும் வந்தது.

"நானா? பெத்த புள்ள மாதிரி பாத்துக்கிட்டு, பனியில வாசப்படியில கெடக்குறேன், நானா கொல்றேன்? என் சாம்பிராணியக் குத்தம் சொல்றவன் எப்படி நல்ல சாமியா இருப்பான்? மிஷின் ஒழுங்கா சொல்லுது, இந்த ஆளுதான் பொய் சொல்றான். போலி! ஏங்க, வேன்காரன் பிரபுவுக்குப் போன் போடுங்க. அமாவாசை வரைக்கும் எதுக்கு? நாளைக்கே கெளம்பலாம்."

கட்டிலோரம் வானதி உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். அழவில்லை. தண்ணீர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு வந்து மருதையனிடம் நீட்டினாள். நீட்டும்போது உதடு அசைகிறதும் தெரியாமல் சொன்னாள்.

"உங்க போர்ட பஸ்ஸுலேருந்து பாத்துட்டுத்தாண்ணே, காத்து பாக்குறவருன்னு அத்தைகிட்ட சொன்னேன். நீங்க யாருன்னு எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரிய வேணாம். இன்னிக்கு ஒரு நாள் பேயோட்டியா இருந்துட்டுப் போங்க."

மருதையன் தண்ணீரைக் குடித்தார். குடிக்கிற நேரம் முழுக்க, சுடுகாட்டில் அடுப்பு மூட்டின மனிதர் தன் பின்னால் நின்றுகொண்டு, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்பதுபோல இருந்தது. அப்பாவிடம் சொல்லப் பதில் இருந்தது. ஆனால் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பதிலைச் சொல்ல அவருக்குத் தைரியம் வந்திருக்காது.

சொம்பைக் கீழே வைத்தார். கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார். கதவுக்கு வெளியே கொண்டுபோனார், சத்தம் அடங்கிற்று. உள்ளே கொண்டுவந்தார், கத்திற்று. கட்டிலுக்குக் கீழே சட்டிக்குப் பக்கத்தில் நீட்டினார். அடி வாங்கினதுபோலக் கத்திற்று. சாம்பலுக்குள்ளே கனல் இன்னும் சாகவில்லை.

"அம்மா, நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன். இப்பத்தான் புரியுது" என்றார். "நீங்க அத ஓட்டிட்டீங்க."

ரெங்கம்மாள் மூக்கை உறிஞ்சினாள். "என்னா?"

"உங்க சாம்பிராணி லேசுப்பட்டது இல்ல. பொண்ணு ஒடம்ப விட்டு அது எப்பவோ எறங்கிருச்சு. ஆனா போறதுக்கு வழி வேணுமில்ல? ஜன்னலுக்கு ஆணி. கதவுக்குப் புடவை. பாவம், எங்க போவும் அது? சட்டிக்குள்ள பூந்துக்கிச்சு. ராத்திரியானா கரியோட கெளம்பி வருது. நீங்க தெனமும் ஓட்டுறீங்க, தெனமும் நீங்களே வீட்டுக்குள்ள வெச்சுப் பூட்டுறீங்க."

வீரையன் நெல் மூட்டையிலிருந்து எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். ரெங்கம்மாள் சட்டியைப் பார்த்தாள். கருவியைப் பார்த்தாள். சட்டியை மறுபடி பார்த்தாள்.

"அதான் தெனமும் கூடிக்கிட்டே போச்சா?"

"அதான்."

"அதும் பேரு என்னா?"

மருதையன் இதை எதிர்பார்க்கவில்லை. வாயில் வந்தது ஒரே ஒரு பெயர்தான். "மோனாக்சைடு."

"மோனாச்சியா!" ரெங்கம்மாள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஏங்க, கேட்டீங்களா? உங்க சின்னத்தை மோனாச்சி! சாவுற வரைக்கும் என் சமையல்ல உப்பு சரியில்ல, புளி சரியில்லன்னு உசுர எடுத்தா. செத்தும் வந்து என் மருமவளப் புடிச்சிருக்கா பாருங்க."

வீரையன் தொண்டையைச் செருமிக்கொண்டார். அது சிரிப்பா என்று மருதையனுக்கு உறுதியாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மருதையன் சொல்லச் சொல்ல ரெங்கம்மாள் செய்தாள். சட்டியை வாய்க்காலில் போட்டு அமுக்கினாள். போட்டுவிட்டு, "உப்பு சரியா இருக்கா பாத்துக்க" என்றும் ஒரு வார்த்தை சொன்னாள். ஜன்னல் பலகையை வீரையன் பிடுங்கினார். அந்தி சாய்ந்ததிலிருந்து விடிகிறவரை ஜன்னல் திறந்தே இருக்கவேண்டும், மூடினால் மோனாச்சி வழி தெரியாமல் திரும்ப வந்துவிடுவாள், வீட்டுக்குள் எந்தக் கரி நெருப்பும் கூடாது, சாம்பிராணி போட ஆசையாக இருந்தால் முற்றத்தில் போட்டுக்கொள்ளலாம். அரைமணி நேரம் கழித்துக் கருவியை அறைக்குள் கொண்டுபோனார். அது மூச்சுக் காட்டவில்லை. ரெங்கம்மாள் கை கூப்பினாள். மருதையன் தரையைப் பார்த்துக்கொண்டார்.

கிளம்பும்போது ஒரு கருப்புச் சேவலைக் காலைக் கட்டி வண்டியில் மாட்டிவிட்டார்கள். வேண்டாம் என்றால் பரிகாரம் பலிக்காது என்றாள் ரெங்கம்மாள். வீரையன் சாலை வரை கூட வந்தார்.

"தம்பி, கரின்னு எனக்குத் தெரியும்" என்றார் மெதுவாக. "நெல்லு அவிக்கிற கொட்டாயில கரியப் போட்டுக் கதவ மூடிட்டுத் தூங்குன ஒருத்தன முன்னாடி பாத்திருக்கேன்."

மருதையன் வண்டியை அணைத்துவிட்டார். "தெரிஞ்சுகிட்டேவா ஆணி அடிச்சீங்க?"

"இவகிட்ட யாரு சொல்றது?"

"கட்டிப்போடக் கூட்டிக்கிட்டுப் போக வேனும் பேசுனீங்களே!"

வீரையன் சேவலின் கால் கட்டைச் சரிசெய்தார். சரியாக இருந்ததையே திரும்பச் சரிசெய்தார். "நீங்க உங்க வீட்டுல ஜெயிச்சிருக்கீங்களா?" என்றார் கடைசியில். மருதையனுக்குக் கோபம் வந்தது. கலைமகள் நினைவும் வந்தது. வண்டியைக் கிளப்பினார்.

வானதி தேறினாள். தலைவலி போயிற்று, சோறு இறங்கிற்று. ஆனால் அமாவாசைக்கு முந்தின நாள் அவளே கைபேசியில் கூப்பிட்டாள். "வேண்டுதல் வேண்டுதல்தான்னு அத்தை கோயிலுக்குக் கெளம்புறாங்கண்ணே. நன்றி சொல்லத்தானாம். அங்க பூசாரி ஏதாச்சும் சொல்லி, அவங்க மனசு மாறிட்டா? நீங்களும் வந்துருங்கண்ணே. நீங்க பக்கத்துல இருந்தா அத்தை உங்களத்தான் பாப்பாங்க."

ஆகவே, தை அமாவாசையன்று, அய்யாக்கண்ணுவின் மகன் நெற்றியில் ஒன்றும் இல்லாமல், முனீஸ்வரன் கோயில் வேனில், ரெங்கம்மாளுக்கும் தேங்காய்க் கூடைக்கும் நடுவில் உட்கார்ந்து போனார். கலைமகள் வாசலில் நின்று கையசைத்தாள். "சாமிக்கு டிபன் கட்டித் தரட்டா?" என்றும் கேட்டாள்.

வானதி பயந்தபடியேதான் நடந்தது. பூசாரி ரெத்தினம் கருவறையிலிருந்து விபூதித் தட்டோடு வெளியில் வந்து, வானதியை மேலும் கீழும் பார்த்தார். ஒல்லியான மனிதர், நடுவயது. வறட்டு இருமல் ஒன்று அவர் பேச்சுக்கு நடுவே காற்புள்ளி போட்டுக்கொண்டே இருந்தது.

"பொண்ணு கண்ணுல இன்னும் கெறக்கம் இருக்கு" என்றார். "முழுசா போவல. ஒரு மண்டலம் இங்க தங்கட்டும்."

வானதியின் கை மருதையனின் சட்டை நுனியைப் பிடித்தது. மருதையன் வாயைத் திறந்தார். அவர் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

"ஏன்?" என்றாள் ரெங்கம்மாள்.

பூசாரிக்கு அந்தக் கேள்வி பழக்கமில்லை. "ஏன்னா... போவலைன்னு சொல்றேன்."

"நான் ஓட்டிட்டேனே! என் கையால சாம்பிராணி போட்டு, என் கையால வாய்க்கால்ல அமுக்கி, மோனாச்சி போய்ட்டா. அய்யா மிஷின் வெச்சுப் பாத்துட்டாரு. உங்ககிட்ட மிஷின் இருக்கா?"

"மிஷினா?"

"இல்லேல்ல? அப்ப எப்படி இருக்குங்குறீங்க? நான் அரைகுறையா ஓட்டிருக்கேன்னு சொல்றீங்களா? எத்தன நாளு பனியில படுத்துக் கெடந்து ஓட்டுனது!" ரெங்கம்மாள் மருமகளின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பொங்கல் வெக்கத்தான் வந்தோம். வெச்சுட்டுக் கெளம்புறோம். இவ ஒரு ராத்திரி கூட இங்க தங்க மாட்டா. வாடி, அரிசி களையணும்."

வானதி போகிற போக்கில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு மாமியாரின் பின்னால் அரிசிப் பானையோடு நடந்தாள்.

பூசாரி அவர்கள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். மருதையன் சண்டைக்குத் தயாராக இருந்தார். தொழிலில் மண் அள்ளிப்போட வந்தாயா என்று கேட்பார், பதிலுக்கு அப்பாவின் பேச்சு அத்தனையையும் எடுத்து விடலாம் என்று நாக்கு துடித்தது. பூசாரி இருமினார். அக்கம்பக்கம் பார்த்தார். மருதையனின் முழங்கையைத் தொட்டு, ஆலமரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"உங்க மிஷின் மூச்சு விடுற காத்தத்தான பாக்கும்?"

மருதையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடை திறந்த நாளிலிருந்து ஒருவரும் கேட்காத கேள்வி.

"ஆமாங்க. அத மட்டுந்தான் பாக்கும்."

"கருவறையில ஜன்னல் கெடையாது. எட்டுக்கு எட்டு. விடியக்காலையிலேருந்து எண்ணெ வெளக்கு, கற்பூரம், சாம்பிராணி. கதவச் சாத்திக்கிட்டு உள்ளேயே நின்னு அலங்காரம் பண்ணணும். வெளிய வந்தா நெஞ்சு அடைக்குது, தலை சுத்துது. டாக்டரு, பீடி எத்தன குடிப்பீங்கங்குறாரு. நான் தொட்டதே இல்லீங்க." மறுபடியும் இருமல். "ஒரு நாளைக்கு வந்து பாருங்களேன். கூரையில ஒரு ஓட்டை கீட்டை போடலாமான்னு சொல்லுங்க."

"இப்பவே பாக்கலாமே. மிஷின் வேன்லதான் இருக்கு."

"இப்ப வேணாம், இப்ப வேணாம்!" பூசாரி பதறிப்போய்க் கையை ஆட்டினார். "கூட்டம் இல்லாத நாளா பாத்து வாங்க. சத்தமில்லாம வாங்க. பூசாரியையே காத்து புடிச்சிருச்சுன்னு வெளிய தெரிஞ்சா, அப்புறம் இந்தக் கோயிலுக்கு யாரு வருவா?"